மெஷினுக்கு மெஷின் மாறும் எரர் மெசேஜ், நடுவில் மாட்டிக்கொள்ளும் டெஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை பூ மார்க்கெட்டில் சில கமிஷன் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற ஐந்து பேர் டீம் எங்களுடையது. ஆபீஸ் கே.கே. நகரில், கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள். இரண்டு பேரிடம் மேக், ஒருவரிடம் உபுண்டு, மற்ற இருவரிடம் விண்டோஸ். கடைகளில் இருப்பது எல்லாமே விண்டோஸ். தானாக டெஸ்ட் ஓட்டுகிற சிஐ மட்டும் லினக்ஸ் கண்டெய்னரில். இப்படி ஒரு கலவை இருந்தால் எரர் மெசேஜ் சண்டை வராமல் எப்படி இருக்கும்? புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் டீக்கடையில் நின்று இதே பதில்களைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், அதனால் எழுதியே வைக்கிறேன். எங்கள் கோட் பைத்தான் என்பதால் உதாரணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். ஈநோஎன்ட் (ஃபைல் இல்லை என்ற எரரின் பெயர்) மாதிரியான குறியீட்டுப் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன், கோடில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபைல் இல்லை என்பது ஒரே விஷயம்தானே, அதற்கு எதற்கு இத்தனை வாசகம்?

வெளியூர்க்காரர் ஒருவர் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் எங்கே என்று கேட்டால் நம் ஆள் ஒரு நிமிஷம் யோசிப்பார். மாட்டுத்தாவணி என்றால் கை தானாக நீளும். இடம் ஒன்றுதான், போர்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். எரரும் அப்படித்தான், ஆனால் அதற்கு மூன்று அடுக்கு உண்டு. ஈநோஎன்ட் என்ற பெயர் ஒன்று, அதற்கு அந்த சிஸ்டம் கொடுத்திருக்கிற எண் ஒன்று, மனிதர் படிப்பதற்காக வைத்திருக்கிற வாசகம் ஒன்று. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதியான போஸிக்ஸ் தரநிலை கட்டிப்போடுவது பெயரையும் அதன் பொருளையும் மட்டும்தான். எண் என்ன, வாசகம் என்ன என்பதை ஒவ்வொரு சிஸ்டமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாசகத்தை எடுத்துக் கொடுப்பது சி லைப்ரரியில் இருக்கும் ஸ்ட்ரெரர் என்ற ஃபங்ஷன். ஆக, லினக்ஸ் என்று சொன்னாலும் எந்த சி லைப்ரரி என்பதைப் பொறுத்து மாறும். லினக்ஸ் வகைகளில் உபுண்டு, டெபியனில் இருப்பது ஜிலிப்சி, ஆல்பைனில் இருப்பது மஸ்ல். டைம் அவுட் ஆனால் ஜிலிப்சி "கனெக்ஷன் டைம்டு அவுட்" என்கும், மஸ்லும் மேக்கும் "ஆப்பரேஷன் டைம்டு அவுட்" என்கும். டிஸ்க் படிக்க முடியாமல் போனால் ஜிலிப்சி "இன்புட்/அவுட்புட் எரர்" என்று நீட்டி முழக்கும், மஸ்ல் "ஐ/ஓ எரர்" என்று முடித்துக்கொள்ளும். இல்லாத எண் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்: ஜிலிப்சி "அன்னோன் எரர் 9999" என்கும், மேக் நடுவில் ஒரு முக்காற்புள்ளி சேர்க்கும், மஸ்ல் "நோ எரர் இன்ஃபர்மேஷன்" என்று கையை விரித்துவிடும்.

விண்டோஸ் இன்னொரு உலகம். அதன் சொந்த எரர் பட்டியலில் 2 என்றால் "தி சிஸ்டம் கேனாட் ஃபைண்ட் தி ஃபைல் ஸ்பெசிஃபைடு", ஃபோல்டரே இல்லை என்றால் 3, வாசகமும் வேறு. ஃபார்மட்மெசேஜ் வழியாக அதை நேரடியாக எடுத்தால் கடைசியில் வரி முறிவும் ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்ட மறந்து அரை நாள் போனவர்கள் உண்டு.

என் மேக்கில் பாஸ், புதுத் தம்பியின் விண்டோஸில் ஃபெயில். அவன் என்ன தப்பு செய்தான்?

ஒன்றுமே செய்யவில்லை, பாவம். எங்கள் ஆபீஸில் நடந்ததையே சொல்கிறேன். மல்லி, பிச்சி, கனகாம்பரம் எல்லாவற்றுக்கும் விலை தினமும் மாறும், அதனால் காலையில் புது விலை ஃபைல் இறங்கியதும் பழையதை அழிக்கிற ஒரு ஃபங்ஷன் உண்டு. பழைய ஃபைல் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கு நான்தான் ஒரு டெஸ்ட் எழுதியிருந்தேன். எக்ஸெப்ஷனை, அதாவது தப்பு நடந்தால் பைத்தான் எறிகிற எரரை, ஸ்ட்ரிங்காக மாற்றி, அது "[எர்னோ 2] நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று தொடங்குகிறதா என்று பார்க்கிற ஒற்றை வரி. மேக்கில் ஓடியது, உபுண்டுவில் ஓடியது, சிஐயில் மாதக்கணக்கில் பச்சை. சேர்ந்த முதல் நாளே தம்பி அதை விண்டோஸில் ஓட்டினான், சிவப்பு. "[வின்எரர் 2] தி சிஸ்டம் கேனாட் ஃபைண்ட்..." என்று வந்து நின்றது. தான் ஏதோ இன்ஸ்டால் செய்வதில் கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்து, மூன்று மணி டீ வரைக்கும் யாரிடமும் கேட்காமல் பைத்தானை இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறான். கேட்டபோது, "இல்லண்ணே, முதல் நாளே எப்படிக் கேட்கிறதுன்னு..." என்றான். தப்பு என் வரியில்.

இதில் ஒரு வேடிக்கை. அதே விண்டோஸில், அதே பைத்தானில், இல்லாத ஃபைலை ஓப்பன் செய்தால் "[எர்னோ 2] நோ சச் ஃபைல்" என்றுதான் வரும், ஏனென்றால் ஓப்பன் போவது சி ரன்டைம் வழியாக. ஃபைலை அழிக்கிற ஓஎஸ்.ரிமூவ் நேராக விண்டோஸின் கதவைத் தட்டுவதால் வின்எரர் வாசகம் வருகிறது. ஆக, ஒரே மெஷினில்கூட எந்த வழியாகப் போனோம் என்பதைப் பொறுத்து வாசகம் மாறும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் வாசகத்தை நம்பி டெஸ்ட் எழுதினால் நம்மை என்ன சொல்வது.

திருத்தம் சின்னது. ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்ற எக்ஸெப்ஷன் வருகிறதா என்று மட்டும் பார்த்தோம். பைத்தான் 3.3 வந்த 2012-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. வின்எரர் 2 வந்தாலும் 3 வந்தாலும் பைத்தானே அதை ஈநோஎன்டாக மாற்றி இந்த எக்ஸெப்ஷனுக்குள் போட்டுவிடும்.

சரி, வாசகம் வேண்டாம். எண்ணை ஒப்பிட்டால் போதுமா?

போதாது. ஈநோஎன்டுக்கு எல்லா இடத்திலும் 2 வருவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, பழைய யூனிக்ஸ் காலத்துச் சின்ன எண்கள் மட்டும்தான் அப்படிப் பொதுவாகப் பொருந்தும். சர்வர் கனெக்ஷனை மறுத்தால் லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸில் 10061. ஈஅகெய்ன், அதாவது "இப்போது முடியாது, மறுபடி முயற்சி செய்", லினக்ஸில் 11, மேக்கில் 35. ஃபோல்டர் காலியாக இல்லை என்பதற்கு லினக்ஸில் 39, மேக்கில் 66. டெஸ்டில் 111 என்று எழுதிவைத்தால் அது வாசகத்தை எழுதிவைத்ததைவிட மோசம், படிக்கிறவனுக்கு என்னவென்றே புரியாது. பைத்தானின் எர்னோ (எரர் எண்) மாட்யூலில் இருக்கிற பெயரை எழுதுங்கள், எண்ணை அது பார்த்துக்கொள்ளும்.

பெயராவது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்குமா?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் கடைசியில் கழுத்தை அறுப்பது இதுதான். ஒரு ஃபோல்டரை ஃபைல் என்று நினைத்து அன்லிங்க் செய்தால், அதாவது அழித்தால், லினக்ஸ் ஈஸ்டிர் கொடுக்கும், அதாவது "இது டைரக்டரிப்பா". மேக் ஈபெர்ம் கொடுக்கும், அதாவது "அனுமதி இல்லை". போஸிக்ஸ் சொல்வது ஈபெர்ம்தான், லினக்ஸ்தான் தன் வழியில் போகிறது. ஃபோல்டரை பைத்தானில் ஓப்பன் செய்து பாருங்கள்: லினக்ஸிலும் மேக்கிலும் இஸ்எடைரக்டரிஎரர், விண்டோஸில் பெர்மிஷன்எரர். இங்கே மாறுவது சிஸ்டத்தின் நடத்தையே, வாசகத்தைத் திருத்தி ஒன்றும் ஆகாது.

இந்த மாதிரி இடங்களில் நான் செய்வது இதுதான்: சிஸ்டத்தைக் கேட்பதற்கு முன்னால் நம் கோடே "இது ஃபோல்டரா" என்று பார்த்து, நம் சொந்த எக்ஸெப்ஷனை எறிந்துவிடும். அப்புறம் டெஸ்ட் அந்த எக்ஸெப்ஷனைப் பார்த்தால் போதும். இப்படி முன்கூட்டிப் பார்ப்பதில் இடைவெளி உண்டு, பார்த்ததற்கும் செய்வதற்கும் நடுவில் வேறு புரோகிராம் ஃபைலை மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதனால் பின்னால் வருகிற ஓஎஸ்எரரையும் பிடித்து அதே சொந்த எக்ஸெப்ஷனாக மாற்றிவிடுங்கள்.

மொழியைத் தீர்மானிக்கிற என்விரான்மென்ட் வேரியபிளை எல்சி_ஆல்=சி என்று போட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே?

மொழிதான் ஒன்றாகும், வாசகம் ஒன்றாகாது. லினக்ஸ் மெஷினை ஜெர்மன் மொழியில் வைத்திருப்பவரிடம் "டாட்டை ஓடர் ஃபெர்ட்சைக்னிஸ் நிஷ்ட் கெஃபுண்டன்" என்று வருவதை இது ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். ஆல்பைனுக்கும் உபுண்டுவுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். விண்டோஸின் சொந்த வாசகங்களுக்கு இந்த வேரியபிள் என்றால் என்னவென்றே தெரியாது, அது விண்டோஸ் எந்த மொழியில் இருக்கிறதோ அதைத்தான் பேசும்.

இன்னொன்று, பைத்தான் தொடங்கும்போது எழுத்துக்கான லோக்கேலை (மொழி அமைப்பை) மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது, மெசேஜுக்கானதை எடுப்பதில்லை. அதனால் ஜெர்மன் லினக்ஸில்கூட, யாராவது செட்லோக்கேல் கூப்பிடாத வரை பைத்தானின் எர்னோ வாசகம் ஆங்கிலத்திலேயே வரும். நம் டெஸ்டுக்குள் டார், ஜிசிசி மாதிரி வேறு புரோகிராமை ஓட்டி அதன் எரர் அவுட்புட்டைப் படிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் எல்சி_ஆல் உண்மையில் உதவும். ஜிசிசி யூடிஎஃப்-8 லோக்கேலில் வளைந்த மேற்கோள் குறி போடும், சி லோக்கேலில் நேரான குறி. டெஸ்ட் ஃபெயில் ஆகும், இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தவன் நான்.

போடுவதாக இருந்தால் அந்தத் துணை புரோகிராமுக்கு மட்டும் போடுங்கள், டெஸ்ட் முழுவதற்கும் வேண்டாம். வெறும் சி லோக்கேலில் தமிழ் எழுத்து தெரியாது. எங்களிடம் வாடிக்கையாளர் பெயரிலேயே ஃபைல்கள் உண்டு, எல்லாம் தமிழில்தான். சி லோக்கேலில் ஃபைல்களைப் பட்டியலிட எல்எஸ் போட்டால் டெர்மினலில் பின்சாய்வுக் கோடும் எண்ணுமாக ஓடும். சி.யூடிஎஃப்-8 அந்தத் தொல்லை இல்லாதது, ஜிலிப்சியிலேயே 2022-ல் வந்த 2.35 பதிப்பிலிருந்து இருக்கிறது.

மெசேஜையும் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்றால்?

முதலில், எந்த மெசேஜ் என்று பிரியுங்கள். லாகில் "விலை ஃபைலை அழிக்க முடியவில்லை: ராஜா_கடை.சிஎஸ்வி: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வருகிறது. முதல் இரண்டு துண்டு நாம் எழுதியது, கடைசித் துண்டு சிஸ்டம் எழுதியது. நாம் எழுதியதை எழுத்துக்கு எழுத்து சோதியுங்கள், அதில் சமரசமே வேண்டாம். கடைசித் துண்டும் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டுமானால், அதை டெஸ்டில் கையால் எழுதாமல் அந்த நேரத்தில் அந்த மெஷினிடமே கேட்டு வாங்குங்கள்: ஓஎஸ்.ஸ்ட்ரெரர் கூப்பிட்டு, வருவதை நம் வாசகத்தின் பின்னால் ஒட்டி ஒப்பிட வேண்டியதுதான். விண்டோஸில் முன்னே சொன்ன இரண்டு வழி விவகாரம் இருப்பதால், பிடித்த எக்ஸெப்ஷனின் ஸ்ட்ரெரர் பண்பையே எடுப்பது இன்னும் பத்திரம்.

பெரிய திட்டங்களும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. எல்எல்விஎம் கம்பைலரின் டெஸ்டுகளில் ஒரு காலத்தில் "நோ சச் ஃபைல்" என்பதில் நோவின் முதல் எழுத்து பெரியதா சின்னதா என்று இரண்டையும் ஏற்கிற ரெகெக்ஸ் (வாசகத்தைப் பொருத்திப் பார்க்கிற பேட்டர்ன்) இருக்கும், ஏனென்றால் விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி++ லைப்ரரி அதைச் சின்ன எழுத்தில் கொடுக்கும். அப்புறம் ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இசட்/ஓஎஸ் வந்தது. அங்கே இதே எரர் "இடிசி5129ஐ" என்று முன்னால் ஒரு குறியீடும் கடைசியில் முற்றுப்புள்ளியுமாக வரும். எத்தனைக்குத்தான் ரெகெக்ஸை இழுப்பது? டெஸ்டில் ஈநோஎன்ட் என்று ஓர் அடையாளம் மட்டும் வைத்துவிட்டு, ஓட்டும்போது அந்த மெஷினின் வாசகத்தை அந்த இடத்தில் நிரப்பிக்கொள்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள்.

ரெகெக்ஸில் "இது அல்லது அது" என்று எல்லா வாசகத்தையும் போட்டுவிட்டால் என்ன?

இரண்டு வரைக்கும் பரவாயில்லை. மூன்றாவது சேர்க்கும்போது நிறுத்திவிட்டு யோசியுங்கள். அதோடு ரெகெக்ஸில் ஃபைல் பாதையை அப்படியே ஒட்டாதீர்கள். விண்டோஸ் பாதையில் யூசர்ஸ் என்பதற்கு முன்னால் வருகிற பின்சாய்வுக் கோட்டை பைத்தான் ரெகெக்ஸ் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பேட்டர்னே தப்பு என்று விழுந்துவிடும். அந்த மாதிரிக் குறிகளைச் சாதாரண எழுத்தாக்குகிற ஆர்இ.எஸ்கேப் எதற்கு இருக்கிறது?

விண்டோஸில் மட்டும் அந்த டெஸ்டை ஸ்கிப் செய்துவிடலாமா அண்ணே?

கடைகளில் ஓடுவது விண்டோஸ். ஸ்கிப் செய்வதென்றால் லினக்ஸில் செய், தம்பி.

டாக்கரில் ஓட்டினால் பெர்மிஷன் டெஸ்ட் மட்டும் விழுகிறது, எரரே வரமாட்டேன் என்கிறது. ஏன்?

கண்டெய்னரில் நீங்கள் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசர். ஃபைலின் அனுமதியை 000 என்று மாற்றிவைத்தாலும் ரூட்டுக்கு அது திறக்கும், மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுக் கதவு மாதிரி. சாதாரண யூசராக ஓட்டுங்கள், முடியவில்லை என்றால் அந்த ஒரு டெஸ்டை ரூட்டாக இருக்கும்போது மட்டும் ஸ்கிப் செய்யுங்கள்.

மற்ற மொழிகளில் எதைப் பார்ப்பது?

நோடில் எக்ஸெப்ஷனின் கோட் பண்பில் ஈநோஎன்ட் என்று பெயரே ஸ்ட்ரிங்காக இருக்கும், அதைப் பாருங்கள். கோ மொழியில் எரர்ஸ்.இஸ் வைத்து எர்நாட்எக்ஸிஸ்டோடு ஒப்பிடலாம், 2019-ல் வந்த 1.13 பதிப்பிலிருந்து உண்டு. ரஸ்டில் எரர்கைண்ட். சி++-இல் எரர் கோடை எஸ்டிடி::எர்க்கோடு ஒப்பிடுங்கள், மெசேஜ் ஃபங்ஷன் தருவது லைப்ரரிக்கு லைப்ரரி மாறும் என்று தரநிலையே விட்டுவிட்டது. ஜாவாவில் பழைய ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் தன் மெசேஜுக்குள் அடைப்புக்குறி போட்டு சிஸ்டத்தின் வாசகத்தைச் சொருகிவைக்கும், அதனால் அங்கேயும் எக்ஸெப்ஷன் வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிஸ்க் நிறைந்துவிட்டது மாதிரியான எரரை எப்படி வரவைப்பது?

லினக்ஸில் டெவ் ஃபோல்டருக்குள் ஃபுல் என்று ஒரு சாதனம் இருக்கிறது, அதில் என்ன எழுதினாலும் இடம் இல்லை என்று உண்மையான எரரே வரும். அழகான பொருள், பலருக்குத் தெரியாது. மேக்கில் இல்லை. மற்ற இடங்களில் மாக் செய்ய வேண்டியதுதான், அதாவது நாமே எக்ஸெப்ஷனை எறிவது. அதில் ஒரு கண்ணி: ஓஎஸ்எரருக்கு வெறும் வாசகத்தை மட்டும் கொடுத்து எறிந்தால் எர்னோ பண்பு நன் என்று காலியாக இருக்கும், நிஜத்தில் அப்படி ஒரு எரர் வரவே வராது. எர்னோவையும் வாசகத்தையும் இரண்டு ஆர்குமெண்டாகக் கொடுங்கள். ஈநோஎன்ட் கொடுத்து ஓஎஸ்எரர் உருவாக்கினால் பைத்தான் தானாகவே அதை ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் ஆக்கிவிடும்.

கடைக்காரருக்கு இந்த வாசகத்தை எல்லாம் காட்டலாமா?

காட்டினோம். விடிவதற்கு முன்னால் பூ மூட்டை வந்து இறங்கும் நேரம், ஒரு கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. ஸ்கிரீனில் ஆங்கிலத்தில் ஒரு நீள வரி, நடுவில் வின்எரர் 32. கீழே "தம்பி, பில் போட முடியல, என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது" என்று ஒரு குரல் பதிவு. விஷயம் இவ்வளவுதான்: கணக்குப்பிள்ளை பழைய விலை ஃபைலை எக்ஸெலில் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார், எங்கள் கோட் அதே ஃபைலை அழிக்கப் பார்க்கிறது, விண்டோஸ் விடவில்லை. மேக்கிலும் லினக்ஸிலும் திறந்திருக்கிற ஃபைலையும் அழிக்க முடியும் என்பதால் எங்கள் டெஸ்ட் எதிலும் இது தட்டவே இல்லை.

இதில் எர்னோவை மட்டும் பார்த்தாலும் பத்தாது. வின்எரர் 32-ஐயும், அனுமதி இல்லை என்கிற 5-ஐயும் பைத்தான் ஒரே ஈஆக்சஸ் 13-க்குள் அடக்கிவிடுகிறது. ஒன்றுக்கு எக்ஸெலை மூடச் சொல்ல வேண்டும், இன்னொன்றுக்கு நாங்கள் நேரில் போக வேண்டும். அதனால் எக்ஸெப்ஷனின் வின்எரர் பண்பைப் பார்க்கிறோம். அந்தப் பண்பு விண்டோஸில் மட்டும்தான் இருக்கும், ஆகவே கெட்ஆட்டர் வைத்து, இல்லாவிட்டால் நன் என்று எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேக்கில் வேறு எரர் கிளம்பும். டெஸ்ட், விண்டோஸில் நிஜமாகவே ஒரு ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் அழிக்கப் பார்க்கும். ஸ்கிரீனில் "விலை ஃபைல் எக்ஸெலில் திறந்திருக்கிறது. மூடிவிட்டு மறுபடி அழுத்துங்கள்" என்று தமிழில் வருகிறதா என்று முழு வரியையும் ஒப்பிடும், அது நம் வாசகம் ஆயிற்றே. சிஸ்டம் சொன்னது லாகில் மட்டும் போகும்.

அந்தக் கடையிலிருந்து இப்போது எரர் என்று போன் வருவதில்லை. எக்ஸெலை மூடும்போது "சேவ் செய்யவா" என்று கேட்கிறதே, அதற்கு என்ன அழுத்துவது என்று கேட்டுத்தான் வருகிறது.